நீக்க மறுக்கும் மென்பொருள்கள் (விண்டோஸ்)

விண்டோஸ் இயக்குதளத்தில் நிறுவப்பட்ட ஒரு மென்பொருளை நீக்கவும், பழுதுபார்க்கவும், மீண்டும் நிறுவவும் முடியாமல் போகும் நிலை கணினிப் பயனர்கள் பரவலாகச் சந்திக்கும் சிக்கல்களுள் ஒன்றாகும். கன்ட்ரோல் பேனல் பட்டியலில் மென்பொருளின் பெயர் இருக்கும். நீக்கச் சொன்னால் பிழைச்செய்தி வரும். புதிய பதிப்பை நிறுவ முயன்றால் பழையதை முதலில் நீக்கச் சொல்லும். பழுதுபார்க்கச் சொன்னால் மூலக் கோப்பைக் கேட்கும். இப்படி மூன்று வழிகளும் அடைபட்ட பின்னர் வன்தட்டை அழித்து விண்டோஸை முதலிலிருந்து ஏற்றுவோர் பலர். ஒரு நாள் வேலையும், சில நேரங்களில் காப்புநகல் எடுக்காத கோப்புகளும் அதில் போய்விடுகின்றன. பெரும்பாலும் அதற்குத் தேவை இருப்பதில்லை. மென்பொருளை நிறுவியபோது விண்டோஸ் எழுதி வைத்த குறிப்புகளில் ஏதோ ஒன்று தொலைந்திருப்பதே வழக்கமான காரணம். எது தொலைந்தது என்று கண்டுபிடித்தால் அதைத் திரும்ப வைக்க முடியும்.

விண்டோஸ் இன்ஸ்டாலர்

1990களில் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு நிறுவல் நிரலுடன் வந்தது. கோப்புகளை எங்கே வைத்தது, எதை மாற்றியது என்பது அந்த நிரலுக்கு மட்டுமே தெரியும். ஒரு மென்பொருளை நீக்கும்போது இன்னொன்றுக்குத் தேவையான டிஎல்எல் கோப்பும் சேர்ந்து போய்விடுவது சாதாரணமாக இருந்தது. இதற்குத் தீர்வாக மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய பொதுச் சேவையே விண்டோஸ் இன்ஸ்டாலர். ‘டார்வின்’ என்ற குறிப்பெயருடன் உருவான இது, 1999இல் ஆஃபீஸ் 2000 தொகுப்புடன் வெளிவந்தது.

எம்எஸ்ஐ என்ற பின்னொட்டுடன் வரும் நிறுவல் கோப்பு உண்மையில் ஒரு சிறிய தரவுத்தளம். எந்தக் கோப்பு எங்கே போக வேண்டும், ரெஜிஸ்ட்ரியில் என்ன எழுத வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பன அதில் அட்டவணைகளாக உள்ளன. நீக்கும்போதும் அதே அட்டவணைகளைப் பார்த்தே சேவை வேலை செய்கிறது. ஆகவே எம்எஸ்ஐ வழியாக நிறுவிய மென்பொருளை நீக்க, அதை நிறுவிய எம்எஸ்ஐ கோப்பே மீண்டும் தேவைப்படுகிறது. பலருக்கும் தெரியாத செய்தி இது. தெரியாமல் செய்யும் ஒரு காரியத்தால்தான் பெருமளவு சிக்கல் வருகிறது.

இன்ஸ்டாலர் கோப்புறை

பயனர் தரவிறக்கிய எம்எஸ்ஐ கோப்பை நிறுவிய பின் அழித்துவிடுவார் என்பது எதிர்பார்க்கக்கூடியதே. அதனால் விண்டோஸ் அதன் நகல் ஒன்றை சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் இன்ஸ்டாலர் என்ற கோப்புறையில் வைத்துக்கொள்கிறது. பின்னர் வரும் திருத்தங்களின் எம்எஸ்பி கோப்புகளும் அங்கேயே சேர்கின்றன. இக்கோப்புறை மறைக்கப்பட்டது, உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் கலந்த, பொருளற்ற பெயர்கள். எந்தக் கோப்பு எந்த மென்பொருளுக்கு உரியது என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சில ஆண்டுகள் பயன்படுத்திய கணினியில் இக்கோப்புறை பல ஜிபி அளவுக்கு வளர்ந்துவிடும். 128 ஜிபி எஸ்எஸ்டி உள்ள மடிக்கணினியில் சி டிரைவ் நிறைந்து சிவப்புக் கோடு காட்டும்போது, இடத்தை அடைப்பது எது என்று தேடுபவர் கண்ணில் இது படுகிறது. புரியாத பெயருள்ள பழைய கோப்புகள், அதுவும் தற்காலிகக் கோப்புகள் போலத் தோற்றம். அழித்தால் உடனே ஒன்றும் ஆவதில்லை. எல்லா மென்பொருள்களும் முன்போலவே ஓடும். அழித்தவர் அதை மறந்தும் விடுவார். மாதங்கள் கழித்து, அந்த மென்பொருளின் பாதுகாப்புத் திருத்தம் ஒன்றை நிறுவ முயலும்போதுதான் 1612 என்ற எண் திரையில் தோன்றும். அப்போது திருத்தத்தை ஏற்றவும் முடியாது, ஓட்டை உள்ள பழைய பதிப்பை நீக்கவும் முடியாது.

இழந்த கோப்பை இன்னொரு கணினியிலிருந்து எடுத்து ஒட்டுவது பயன்தராது. நகலின் பெயர் ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாக உருவாக்கப்படுகிறது. அதே பதிப்பின் மூல எம்எஸ்ஐ கோப்பைத் தேடிப் பிடிப்பதே சரியான வழி. அது கிடைத்தால், கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையுடன் திறந்து, எம்எஸ்ஐஎக்செக் கட்டளையுடன் சாய்கோடு, எஃப், வி ஆகியவற்றைச் சேர்த்து எழுதி, இடைவெளி விட்டுக் கோப்பின் முழுப் பாதையைத் தர வேண்டும். எஃப் என்பது பழுதுபார்த்தலைக் குறிக்கும். வி என்பது மூலக் கோப்பிலிருந்து புதிய நகலை இன்ஸ்டாலர் கோப்புறையில் வைக்கச் சொல்லும். இது முடிந்ததும் நீக்கமும் மேம்படுத்தலும் வழக்கம்போல நடக்கும்.

இதில் இரண்டு இடறல்கள் உண்டு. பதிப்பு எண் துல்லியமாக ஒன்றாக இருக்க வேண்டும். புதிய பதிப்பின் கோப்பு உதவாது. கோப்பின் பெயரும் முதலில் நிறுவியபோது இருந்த பெயராகவே இருக்க வேண்டும். இரண்டாம் முறை தரவிறக்கும்போது உலாவி பெயரின் இறுதியில் அடைப்புக்குறிக்குள் 1 என்று சேர்த்துவிடுவது வழக்கம். அந்த ஒன்றை எடுக்காமல் மணிக்கணக்கில் போராடுவோர் உண்டு.

ரெஜிஸ்ட்ரி பதிவுகள்

எம்எஸ்ஐ வழியாக நிறுவிய ஒவ்வொரு மென்பொருளுக்கும் 32 பதினறும எண்கள் கொண்ட ஓர் அடையாளக் குறியீடு உண்டு. கன்ட்ரோல் பேனலில் தெரியும் பட்டியல், ரெஜிஸ்ட்ரியின் லோக்கல் மெஷின் கிளையில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட்வெர்ஷன் வழியாகச் சென்றால் கிடைக்கும் அன்இன்ஸ்டால் என்ற விசையிலிருந்து வருகிறது. 64 பிட் விண்டோஸில் 32 பிட் மென்பொருள்களுக்கு வாவ்6432நோடு என்ற கிளைக்குள் இன்னொரு பட்டியல் இருக்கிறது. ஒரே பயனருக்காக நிறுவியவை கரன்ட் யூசர் கிளையில் இருக்கும்.

இந்த விசையை அழித்தால் பட்டியலிலிருந்து பெயர் மறையும், அவ்வளவே. விண்டோஸ் இன்ஸ்டாலர் சேவை தன் கணக்கை வேறு விசைகளில் வைத்திருக்கிறது. பெயரை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவ முயன்றால் ‘ஏற்கனவே வேறு பதிப்பு உள்ளது’ என்று 1638 வருவது இதனால்தான். அந்த வேறு விசைகளில் குறியீட்டைத் தேடினால் கிடைக்காது என்பது இன்னொரு குழப்பம். அங்கே குறியீடு புரட்டி எழுதப்பட்டிருக்கும்: முதல் எட்டு எழுத்துகள் தலைகீழாக, அடுத்த நான்கும் அதற்கடுத்த நான்கும் அப்படியே தலைகீழாக, எஞ்சியவை இரண்டிரண்டாக இடம் மாறி. 12345678 என்று தொடங்கும் குறியீடு அங்கே 87654321 என்று தொடங்கும். இதை அறியாமல் ரெஜிஸ்ட்ரியில் தேடியவர், ஒன்றும் மிச்சமில்லை என்று தவறாக முடிவுசெய்வார்.

பிழை எண்கள் சொல்வது

விண்டோஸ் இன்ஸ்டாலரின் பிழைச்செய்திகள் நீளமாக இருந்தாலும் எண்ணே முக்கியம். 1612 மூலக் கோப்பு இல்லை என்கிறது. 1618 என்றால் வேறொரு நிறுவல் நடந்துகொண்டிருக்கிறது. காத்திருப்பது அல்லது கணினியை மறுதொடக்கம் செய்வது போதும். 1605 வந்தால், நீக்கச் சொன்ன மென்பொருள் இந்தப் பயனருக்கு நிறுவப்பட்டதாகவே சேவையின் கணக்கில் இல்லை என்று பொருள். 2502, 2503 ஆகியன பெரும்பாலும் டெம்ப் கோப்புறையின் அனுமதிச் சிக்கல். நிர்வாகி உரிமையுள்ள கட்டளைச் சாளரத்திலிருந்து அதே கட்டளையை இயக்கினால் பலமுறை தீர்ந்துவிடும். 1719 சேவையையே தொட முடியவில்லை என்கிறது. ‘சேஃப் மோடில் நீக்கிப் பாருங்கள்’ என்ற பரவலான அறிவுரையைப் பின்பற்றுவோர் இந்த எண்ணைச் சந்திக்கின்றனர். இயல்பான அமைப்பில் சேஃப் மோடில் விண்டோஸ் இன்ஸ்டாலர் சேவை இயங்காது என்பதே காரணம்.

இவற்றுள் மோசமானது 1603. ‘நிறுவலின்போது கடுமையான பிழை’ என்பதைத் தவிர அது வேறொன்றும் சொல்வதில்லை. சிஸ்டம் என்ற கணக்குக்குக் கோப்புறையில் முழு அனுமதி இல்லாமை, கோப்புறை மறையாக்கம் செய்யப்பட்டிருத்தல் என நூறு காரணங்கள் இருக்கலாம். இங்கே ஊகிப்பது வீண். பதிவுக் கோப்பு ஒன்றே வழி. நீக்கும் கட்டளையுடன் சாய்கோடு, எல், நட்சத்திரக்குறி, வி ஆகியவற்றையும் ஒரு கோப்பின் பெயரையும் சேர்த்தால் நடந்தது அனைத்தும் அக்கோப்பில் எழுதப்படும். ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும். முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. ‘ரிட்டர்ன் வேல்யூ 3’ என்பதன் ஆங்கிலச் சொற்களைத் தேடி, முதலில் வரும் இடத்துக்கு மேலே உள்ள சில வரிகளைப் பார்த்தால் எந்தச் செயல் தோற்றது என்பது தெரியும்.

தோற்பது பெரும்பாலும் மென்பொருள் நிறுவனம் தானாகச் சேர்த்த துணைச்செயலாக இருக்கும். ஒரு பின்னணிச் சேவையை நிறுத்து என்று அது கட்டளையிடும். அந்தச் சேவை முன்பே அழிந்திருக்கும். இல்லாததை நிறுத்த முடியாமல் செயல் தோற்கும். ஒன்று தோற்றால் விண்டோஸ் இன்ஸ்டாலர் அதுவரை செய்த எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். நீக்கப்பட்டதுபோல் முன்னேறிய பட்டை பின்னோக்கி ஓடி, மென்பொருள் மீண்டும் பட்டியலில் உட்கார்ந்திருப்பது இதனால்தான். கணினியைப் பாதிவழியில் விடாமல் காக்கும் நல்ல ஏற்பாடு இது. ஆனால் வெளியேறும் கதவை அதுவே பூட்டியும் விடுகிறது. அதே பதிப்பை மேலேயே மீண்டும் நிறுவி, இல்லாத சேவையை உருவாக்கிவிட்டுப் பிறகு நீக்குவது எளிய தீர்வு. நிர்வாகிகள் சிலர் விண்டோஸ் எஸ்டிகேயுடன் வரும் ஓர்கா என்ற கருவியால் இன்ஸ்டாலர் கோப்புறையில் உள்ள எம்எஸ்ஐ நகலைத் திறந்து, தோற்கும் செயலின் நிபந்தனையை 0 என்று மாற்றி அதைத் தாண்டச் செய்வதும் உண்டு. மாற்றும் முன் அந்த நகலுக்கே ஒரு காப்புநகல் எடுத்து வைப்பது கட்டாயம்.

துப்புரவுக் கருவிகள்

எம்எஸ்ஐஜாப் என்ற கருவியையும், அதற்கு முகப்பாக விண்டோஸ் இன்ஸ்டாலர் கிளீனப் யுடிலிட்டியையும் மைக்ரோசாஃப்ட் முன்னர் வழங்கியது. தேர்ந்தெடுத்த மென்பொருளைப் பற்றிய பதிவுகளை மட்டும் அழிப்பது இதன் வேலை. மென்பொருளின் கோப்புகள் அப்படியே கிடக்கும். ஒரே கூறு பல மென்பொருள்களுக்குப் பொதுவாக இருக்கும்போது இப்படி அழிப்பது மற்றவற்றையும் பாதித்தது. அதனால் 2010இல் நிறுவனமே இதைத் திரும்பப் பெற்றது. பழைய நகல்கள் பிற தளங்களில் இன்றும் கிடைப்பது வேறு கதை. அவற்றைத் தொடாமலிருப்பது நல்லது.

அதன் இடத்தில் வந்தது, நிரல் நிறுவல் மற்றும் நீக்கல் சரிசெய்தல் கருவி. நிறுவுவதில் சிக்கலா நீக்குவதிலா என்று கேட்டு, மென்பொருள்களின் பட்டியலைக் காட்டும். பட்டியலில் இல்லாததற்கு அடையாளக் குறியீட்டைக் கேட்கும். சேதமடைந்த ரெஜிஸ்ட்ரி விசைகளைச் சரிசெய்வதே இதன் முக்கியப் பணி. மூல எம்எஸ்ஐ எங்கும் கிடைக்காத நிலையில் இதைத்தான் கடைசி வழியாகக் கொள்ள வேண்டும். இதைப் பயன்படுத்திய பின்னர் எஞ்சிய கோப்புகளைக் கையால் நீக்க வேண்டியிருக்கலாம்.

நிறுவிய மென்பொருள்களைப் பட்டியலிட வின்32_பிராடக்ட் என்ற பெயரை பவர்ஷெல்லில் பயன்படுத்தும் வழக்கமும் கவனத்துக்குரியது. வெறும் பட்டியல்தானே என்று தோன்றும். ஆனால் அது ஒவ்வொரு எம்எஸ்ஐ மென்பொருளையும் சரிபார்த்து, குறை கண்டால் பழுதுபார்க்கவும் தொடங்கிவிடும். நோய் எது என்று பார்க்கப்போன இடத்திலேயே வைத்தியம் நடந்துவிடும்.

பிற நிறுவிகள்

எல்லா மென்பொருளும் எம்எஸ்ஐ வழியில் வருவதில்லை. இன்னோ செட்டப் கொண்டு உருவாக்கியவை தம் கோப்புறைக்குள்ளேயே அன்இன்ஸ்000 என்ற நீக்கும் நிரலையும், அதே பெயரில் குறிப்புக் கோப்பையும் வைக்கின்றன. பயனர் அந்தக் கோப்புறையைக் கையால் அழித்தால் நீக்கும் நிரலும் சேர்ந்து போகும். அதே மென்பொருளை அதே இடத்தில் மீண்டும் நிறுவி, முறையாக நீக்கினால் போதும். விஷுவல் சி++ ரன்டைம் 2012 முதல் புரோகிராம்டேட்டாவுக்குள் உள்ள பேக்கேஜ் கேஷ் என்ற கோப்புறையில் தன் மூலத்தை வைக்கிறது; இன்ஸ்டாலர் கோப்புறைக்கு நேரும் அதே கதி இதற்கும் நேர்வதுண்டு. வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும்படி அமைந்தவை. எனவே அவற்றை நீக்க அந்தந்த நிறுவனம் தரும் தனிக் கருவியே ஏற்றது.

லினக்ஸிலும் இச்சிக்கல் இல்லாமலில்லை. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் ஒரு தொகுப்பை நீக்கும் முன் அதன் பிரீஆர்எம் என்ற சிறு நிரல் ஓடும். அது தோற்றால் தொகுப்பு நீங்காது. சில நேரங்களில், நீக்கும் முன் மீண்டும் நிறுவ வேண்டும் என்றே டிபிகேஜி செய்தி தரும். அந்தச் சிறு நிரல் எளிய உரைக் கோப்பாக வார், லிப், டிபிகேஜி, இன்ஃபோ என்ற பாதையில் இருப்பதால், எந்த வரியில் தடுக்கிறது என்று திறந்தே பார்த்துவிடலாம்.