சண்டை கம்மி, அட்வைஸ் அதிகம்... ஆனாலும் பழைய ஹாங்காங் குங்ஃபூ படங்களுக்கு ஏன் இத்தனை ரசிகர்கள்?

ஹாங்காங் சண்டைப் படம்னாலே புரூஸ் லீ, ஜாக்கி சான்தான் ஞாபகத்துக்கு வருவாங்க. ஆனால் 1949-லேயே அங்கே ஒரு 'மாஸ்' ஹீரோ வந்துவிட்டார். பெயர், குவான் தாக்-ஹிங். அவர் நடித்தது வோங் ஃபெய்-ஹங் என்ற குங்ஃபூ ஆசானாக.

யார் இந்த வோங் ஃபெய்-ஹங்?

கற்பனைப் பாத்திரம் இல்லை. தெற்குச் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் நிஜமாகவே வாழ்ந்தவர். வைத்தியரும்கூட. அவர் இறந்து சுமார் கால் நூற்றாண்டு கழித்து, இயக்குநர் ஊ பாங் அவரைக் கான்டனீஸ் மொழி சினிமாவுக்குள் கொண்டுவந்தார். இந்த ஒரே வேடத்தில் குவான் 70-க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். 1956-ல் மட்டும் 25 படங்கள்! கிட்டத்தட்ட இரண்டு வாரத்துக்கு ஒரு படம்.

அப்படி என்ன புதுசு?

அதற்கு முன் சண்டைக் காட்சி என்றால் மேடை நாடக பாணியில் இருக்கும். இல்லையென்றால் ஹீரோவின் உள்ளங்கையில் இருந்து ஒளி பாயும்; அதை ஃபிலிமிலேயே வரைந்திருப்பார்கள். ஊ பாங் நிஜ ஆசான்களைக் கூப்பிட்டார். வோங்கின் சீடர் லாம் சாய்-விங். அவருடைய சீடர் லாவ் சாம், இந்தப் படங்களில் நடித்தார். அதாவது, வோங்கின் வித்தையை வழிவழியாகக் கற்றவரே திரையில்.

கேமரா பெரும்பாலும் தள்ளியே நிற்கும். கால் எங்கே ஊன்றுகிறது, கை எங்கே போகிறது எல்லாம் முழுசா தெரியும். சிங்க நடனமும் அப்படியே பதிவானது. 1949-ஐ ஒட்டி சீனாவில் இருந்து ஹாங்காங்குக்கு வந்து குவிந்தவர்களுக்கு அது விட்டுவந்த ஊரின் திருவிழா.

உண்மையைச் சொல்லணும்னா, கதை மெதுவாகத்தான் நகரும். ஹீரோ கடைசிவரை பொறுமை காப்பார், அடித்த பிறகும் புத்தி சொல்வார். போரடிக்காமல் காப்பாற்றுவது வில்லன் ஷி கியென். 'என்டர் தி டிராகன்' (1973) படத்தில் இரும்புக் கை மாட்டிக்கொண்டு புரூஸ் லீயுடன் மோதுவாரே, அவரேதான்!

இந்தப் படங்களில் வேலை செய்த யுவென் சியு-தியென்தான், 1978-ல் 'ட்ரங்கன் மாஸ்டர்' படத்தில் ஜாக்கி சானுக்குக் குருவாக வந்த குடிகாரக் கிழவர். அவர் மகன் யுவென் வூ-பிங்தான் 'மேட்ரிக்ஸ்' சண்டைகளை அமைத்தவர்.

அந்த வரிசையில் சில படங்களின் பிரதிகள் இப்போது இல்லை. மிஞ்சியவற்றை ரசிகர்கள் தேடித்தேடிப் பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.