பன்னிரண்டு துண்டுகளில் ஒரு கிண்ணம்

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் கொல்கத்தா நெடுஞ்சாலையில், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி வாழும் நம் குடும்பங்களுக்கு ஒரு காட்சி பழகிப் போயிருக்கும். தொழிற்சாலைகளுக்கு வரும் இயந்திரங்களும் உதிரிப் பாகங்களும் மரப்பெட்டிகளிலும் மரத்தட்டுகளிலும் வந்து இறங்குகின்றன. சரக்கு உள்ளே போனபின் அந்த மரம் வெளியே வந்துவிடுகிறது. ஒரு பகுதி பழைய மரக்கடைக்குப் போகும். மற்றொரு பகுதி அடுப்புக்குப் போகும். இரண்டு விரல் கனமும் ஒரு சாண் நீளமும் உள்ள துண்டுகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அத்தகைய சிறு துண்டுகளை ஒட்டி, கடைசல் பட்டறையில் சுழலவிட்டு, அழகிய கிண்ணமாக்கும் கைத்தொழில் ஒன்று உண்டு. அதன் முறையையும், அதைவிட முக்கியமாக அதில் காக்க வேண்டிய எச்சரிக்கையையும் இங்கே காண்போம்.

மரக்கலங்கள் நமக்குப் புதியவை அல்ல. உப்பும் புளியும் இட்டுவைக்கும் மரவை நம் பாட்டிமார் சமையலறையில் இருந்த பொருள்தான். கடைசல் கலையிலும் நம் நாடு பின்தங்கியதன்று. நெல்லைச் சீமையின் அம்பாசமுத்திரத்தில் குழந்தைகள் விளையாடும் செப்புச் சாமான்கள் இன்றும் கடையப்படுகின்றன. கர்நாடகத்தின் சென்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தில் பொம்மைகள் செய்கிறார்கள். சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வின் சூட்டில் அரக்கு உருகி நிறமாகப் படியும் விந்தையை அங்கே காணலாம். ஆனால் இவையெல்லாம் ஒரே கட்டையிலிருந்து கடைந்தெடுப்பவை. பெரிய கிண்ணம் வேண்டுமானால் பெரிய கட்டை வேண்டும். அதில் பெரும்பகுதி சீவலாகவே உதிர்ந்துவிடும்.

துண்டுகளை வட்டமாகச் சேர்க்கும் முறையோ பீப்பாயின் முறை. 'பீப்பாய்' என்பதே மேசை, சாவி, அலமாரி ஆகியவற்றைப் போலப் போர்த்துக்கீசியர் நமக்கு விட்டுச்சென்ற சொல். நம் மாவட்டத்துப் பழவேற்காட்டில் மகிமை மாதா ஆலயம் எழக் காரணமானவர்களும் அவர்களே. பீப்பாய்ப் பலகைகளைப் பசை பிடிப்பதில்லை. சுற்றியுள்ள இரும்பு வளையம் இறுக்கிப் பிடிக்கிறது. கிண்ணத்திற்கு வளையம் இல்லை. ஆகவே துண்டுக்குத் துண்டு பொருந்தும் முகமும், இடையிலுள்ள பசையும்தான் அதன் உயிர்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு வட்டத்திற்கு 360 பாகை. 12 துண்டுகளால் வட்டம் அமைத்தால் ஒவ்வொரு துண்டும் 30 பாகையை நிரப்ப வேண்டும். துண்டின் இரு பக்கங்களையும் 15 பாகை சாய்வாக அறுக்கவேண்டும் என்பது இதன் பொருள். 8 துண்டுகளானால் சாய்வு 22.5 பாகை, 16 துண்டுகளானால் 11.25 பாகை. சுவர் நேராக நிற்கும் 24 சென்டிமீட்டர் அகலக் கிண்ணத்திற்கு 12 துண்டுகள் எடுத்தால், ஒவ்வொன்றின் வெளிப்புற அகலம் ஏறக்குறைய 6.4 சென்டிமீட்டர் போதும். அடுப்புக்குப் போகும் துண்டு எவ்வளவு பெரிய கலமாகிறது, பாருங்கள்!

சிறு பிழை பெருகுவதும் இங்கேதான். அறுக்கும்போது அரைப் பாகை குறைந்துவிட்டதென்று கொள்வோம். ஒரு துண்டில் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் 12 துண்டுகளுக்கு 24 முகங்கள். அரைப் பாகை வீதம் 12 பாகை சேர்ந்து, கடைசி இணைப்பில் ஆப்பு வடிவில் வாய் பிளந்து நிற்கும். அதைக் கயிற்றால் இழுத்துக் கட்டி மூடிவிடலாம். ஆயினும் அந்த இறுக்கம் மரத்திற்குள் ஒளிந்திருந்து, பின்னொரு நாள் விரிசலாக வெளிப்படும். அனுபவமுள்ள தச்சர்கள் இதற்கு ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். ஆறு ஆறு துண்டுகளாக இரண்டு அரைவட்டங்களை முதலில் ஒட்டுவார்கள். அவை காய்ந்தபின் இரண்டின் முகங்களையும் சமதளத்தில் தேய்த்து நேராக்கி, பிறகு ஒன்றுசேர்ப்பார்கள். பிழை மறைக்கப்படுவதில்லை, நீக்கப்படுகிறது.

அக்காலத்துத் தச்சர் வச்சிரத்தைக் காய்ச்சி ஒட்டினார். இன்று கடைகளில் கிடைக்கும் வெள்ளைப் பசையே போதுமானது. நீர் தாங்கும் வகையாக வாங்குவது நலம். மிதிவண்டியின் பழைய ரப்பர்க் குழாயை நீளமாக வெட்டிச் சுற்றி இறுக்கினால், எல்லாப் பக்கமும் ஒரே சீராக அழுத்தும். ஒரு முழுநாள் அப்படியே விட்டுவிட வேண்டும்.

அடிப்பலகையில் தனிக் கவனம் தேவை. மரம் மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சி விரியும், கோடையில் சுருங்கும். இந்த அசைவு மரத்தின் நார் ஓடும் திசையில் மிகக் குறைவு. குறுக்குத் திசையில் அதிகம். எனவே வட்டமாக வெட்டிய அடிப்பலகை ஐப்பசி மழையில் ஒரு பக்கமாக விரிந்து நீள்வட்டமாகும். அதைச் சுவரோடு பசையிட்டு இறுக்கியிருந்தால் சுவர் பிளக்கும். சுவரின் உட்புறம் பள்ளம் எடுத்து, அதில் பசையின்றி அடிப்பலகையைச் சற்றே இடம்விட்டு அமர்த்துவதே முறை.

இனிக் கடைசல். 24 சென்டிமீட்டர் கிண்ணம் நிமிடத்திற்கு 500 சுற்று சுழன்றால், அதன் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 23 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 1500 சுற்றாக்கினால் வேகம் மும்மடங்காகும். துண்டுகளை வெளியே பிய்த்தெறியும் விசையோ ஒன்பது மடங்காகும். ஒட்டு தளர்ந்திருந்தால் ஒரு துண்டு கல்லைப்போல் பாய்ந்து வரும். ஆகவே மெதுவான சுற்றில் தொடங்குதல், முகக்கவசம் அணிதல், சுழலும் விளிம்பின் நேரே நில்லாமை ஆகிய மூன்றும் விட்டுக்கொடுக்க முடியாத விதிகள். மரத்தூள் நுரையீரலுக்குப் பகை. மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். தளர்ந்த சட்டைக் கையும் மேல்துண்டும் பட்டறையில் வேண்டாம்.

இப்போது தலையாய எச்சரிக்கைக்கு வருவோம். நாடு விட்டு நாடு செல்லும் பெட்டிமரத்தில் பூச்சிகள் ஒளிந்து செல்லாதிருக்க, 2002-ஆம் ஆண்டு பன்னாட்டு விதி ஒன்று ஏற்கப்பட்டது. அதன்படி பதப்படுத்திய மரத்தில் கதிர் போன்ற சின்னத்தோடு எழுத்து முத்திரை இருக்கும். 'எச்.டி.' என்றிருந்தால், மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி வெப்பம் 30 நிமிடம் நீடிக்கும்படி சூடாக்கப்பட்டது என்று பொருள். 'எம்.பி.' என்றிருந்தால், மெத்தில் புரோமைடு என்னும் நச்சுப்புகை ஊட்டப்பட்டது என்று பொருள். இந்த இரண்டாம் வகையைக் கலம் செய்யத் தொடவே வேண்டாம். முதல் வகையிலும் கறை படிந்ததையும், எண்ணெய் ஊறியதையும், நெடி வீசுவதையும் ஒதுக்குங்கள். எந்த இரசாயனம் அதன்மேல் சிந்தியது என்று மரம் வாய் திறந்து சொல்லாது.

இதற்கு ஒரு நேர்மையான தீர்வு உண்டு. பெட்டிமரத்தில் செய்த கிண்ணம் சாவிக்கும், நூற்கண்டிற்கும், மேசை அலங்காரத்திற்கும் ஆகட்டும். உணவு இடும் கிண்ணத்திற்கு, கதவும் சன்னலும் செய்யும் தச்சரிடம் மிஞ்சும் மா, பலா, தேக்குத் துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஆகவே அறுத்த அன்றே ஒட்டிவிட வேண்டும். மேற்பூச்சுக்குத் தேன்மெழுகு போதும். இக்கிண்ணத்தில் பழமும் கடலையும் வைக்கலாம். கொதிக்கும் குழம்பை ஊற்றவோ, நீரில் ஊறவைக்கவோ கூடாது.

ஐ.டி.ஐ.யில் தச்சுத்தொழில் பயிலும் மகனோ மகளோ உங்கள் இல்லத்தில் இருந்தால், இந்தக் கிண்ணம் அவர்களுக்கு நல்லதொரு பயிற்சி. கோணமானியும் பொறுமையும் இருந்தால் மரத்திற்குச் செலவு மிகக் குறைவே. ஆனால் விற்கும்போது, வாங்குபவரிடம் அது எந்த மரம் என்று கேளாமலே சொல்லப் பழக்குங்கள். கடைந்து மெருகிட்டபின் எல்லா மரமும் அழகாகவே தோன்றும். முத்திரை இருந்த இடமும் சீவலோடு போய்விடும். அது எங்கிருந்து வந்தது என்பதைச் செய்தவர் மட்டுமே அறிவார். அந்தக் கிண்ணத்திலிருந்து எடுத்து உண்ணப்போவது யாரோ ஒரு வீட்டுக் குழந்தை.