வழக்கு இழுபடுகிறது: சட்டத்தரணியை மாற்றலாமா?

எமது சமூகத்தில் விவாகரத்தும் தாபரிப்பும் காதி நீதிமன்றத்தில் விசாரிக்கப்படுகின்றன. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி அங்கு சட்டத்தரணிகள் தோன்ற முடியாது. ஆனால் பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்ற பிணக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குச் செல்கிறது. எமது பெண்கள் பலர் முதன்முதலில் சட்டத்தரணி ஒருவரை நாடுவது அப்போதுதான்.

பிள்ளையின் வரவு விபரம், கல்வி நிலை பற்றிய கடிதம் கேட்டு இத்தகைய தாய்மார் ஆசிரியையான என்னிடம் வருவதுண்டு. பேச்சு கடைசியில் ஒரே கேள்விக்கு வந்துவிடும்: "டீச்சர், தவணை மேல தவணை போகுது. லோயர மாத்தவா?"

முதலில், தாமதம் யாரால் என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு தவணையிலும் நடந்தது வழக்கேட்டில் எழுதப்படுகிறது. பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி அதன் பிரதியைப் பெறலாம். அழைப்பாணை சேரவில்லை, எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டது, நன்னடத்தை அதிகாரியின் அறிக்கை வரவில்லை, நீதிபதி மாற்றலாகிச் சென்றார் என்று இருந்தால், புதியவர் வந்தாலும் வழக்கு அதே வேகத்தில்தான் நகரும். எமது தரப்பே திரும்பத் திரும்பத் திகதி கேட்டிருந்தால், பத்திரங்கள் தாக்கல் செய்யப்படாதிருந்தால், எமக்காக யாரும் தோன்றாதிருந்தால், மாற்றுவதற்கு நியாயம் இருக்கிறது.

அப்போதும் முதலில் எழுத்தில் கேளுங்கள். கடந்த தவணை ஏன் தள்ளிப்போனது? அடுத்து நடக்கப்போவது என்ன? நான் தர வேண்டியது என்ன? தெளிவான பதில் கிடைத்தால் பிரச்சினை பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்து, யாரை மாற்றுவது என்பது. பல வழக்குகளில் இருவர் இருப்பர். ஒருவர் உங்கள் புரொக்சியைத் தாக்கல் செய்த பதிவுச் சட்டத்தரணி. மற்றவர் மன்றில் எழுந்து வாதாடுபவர். வாதாடுபவரை மட்டும் மாற்றப் புரொக்சியை மாற்றத் தேவையில்லை. பதிவுச் சட்டத்தரணியை மாற்றுவதாயின், அவருக்கு அறிவித்தல் கொடுத்து, நீங்கள் கையொப்பமிட்ட எழுத்து மூலம், மன்றின் அனுமதியுடன் பழைய புரொக்சியை இரத்துச் செய்ய வேண்டும். கொடுக்கல் வாங்கலைத் தீர்த்து, பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு போன்ற மூலப் பத்திரங்களைக் கையோடு பெற்றுக்கொள்ளுங்கள். விசாரணைக்கு முதல் நாள் மாற்றினால், வழக்கைப் படிக்கப் புதியவரும் ஒரு தவணை கேட்பார்.

வசதியில்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம். வருமானத்தைப் பரிசீலித்து இலவசமாக உதவுவார்கள். பல நீதிமன்ற வளாகங்களில் அதன் நிலையங்கள் உள்ளன.

இதற்கிடையில் பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டாம் ஆண்டில் பிரிந்த பிள்ளை நான்காம் ஆண்டுக்கு வரும்போது தாயோடு பேசவே கூச்சப்படுவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே பழையவரோ புதியவரோ, உங்கள் சட்டத்தரணியிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: வழக்கு முடியும் வரை பிள்ளையைச் சந்திக்க இடைக்காலக் கட்டளைக்கு விண்ணப்பித்தாயிற்றா? இஸ்திகாரா செய்யுங்கள், விபரமறிந்தவர்களிடம் மஷூரா செய்யுங்கள். வழக்கேட்டையும் ஒருமுறை வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.