அலாஸ்கா கப்பற்பயணம்: கரைச்சுற்றுலாவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெரிக்காவிலும் கனடாவிலும் பணிபுரியும் பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோர், கோடையில் ஒரு வாரத்தை அலாஸ்கா கப்பற்பயணத்துக்கென ஒதுக்குவது இன்று அரிதன்று. சியாட்டிலிலோ வான்கூவரிலோ கப்பலேறினால் ஏழு நாள்களில் ஜூனோ, ஸ்காக்வே, கெச்சிகன் ஆகிய துறைமுகங்களைக் கண்டு திரும்பலாம். பயணச்சீட்டுக்குச் செலுத்தும் தொகையில் அறையும் உணவும் அடங்கிவிடும். ஆனால் துறைமுகத்தில் இறங்கித் திமிங்கிலம் காண்பதற்கும், மலை ரயிலில் ஏறுவதற்கும், ஹெலிகாப்டரில் பனியாற்றின்மீது இறங்குவதற்கும் தனிக்கட்டணம். இவற்றையே கரைச்சுற்றுலா என்கிறார்கள். திமிங்கிலப் படகுக்கு ஒருவருக்கு 150 டாலருக்கு மேல், ஹெலிகாப்டருக்கு 300 டாலருக்கு மேல் என்பது பொதுவான நிலை. நால்வர் கொண்ட குடும்பம் ஒவ்வொரு துறைமுகத்திலும் கண்ணைக் கவர்ந்ததையெல்லாம் பதிவு செய்தால், கப்பலுக்குக் கொடுத்த தொகையோடு போட்டியிடும் மற்றொரு தொகை சேர்ந்துவிடும்.

கப்பல் நிறுவனம் அனுப்பும் பட்டியலில் எல்லாப் படங்களிலும் திமிங்கிலம் துள்ளும். கரடி மீன் பிடிக்கும். வானம் நீலமாக இருக்கும். அப்படத்தை நம்பித் தேர்ந்தெடுப்பதைவிட, பணம் கொடுத்தால் மட்டுமே காணக்கூடியது எது, நடந்துசென்றோ கப்பலின் மேல்தளத்தில் நின்றோ காணக்கூடியது எது என்று முதலில் பிரித்துக்கொள்வது நல்லது. ஒரு வாரப் பயணத்தில் பெருஞ்செலவுள்ள சுற்றுலா ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும் என்பது எமது கருத்து.

விலங்கு காண விரும்புவோர் பயண மாதத்தைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குளிர்காலத்தில் ஹவாய்த் தீவுகளின் வெதுவெதுப்பான நீரில் இனப்பெருக்கம் செய்து கன்று ஈனுகின்றன. அங்கே அவை ஏறக்குறைய உண்ணாமலே காலங்கழிக்கின்றன. கோடை வந்ததும் பல ஆயிரம் கிலோமீட்டர் நீந்தித் தென்கிழக்கு அலாஸ்காவின் குளிர்ந்த நீருக்கு வருகின்றன. ஹெர்ரிங் மீன்களையும் சிறு இறால் போன்ற கிரில்களையும் உண்டு உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. ஆகவே மே முதல் செப்டம்பர் வரை எந்த மாதம் சென்றாலும் ஜூனோவில் திமிங்கிலம் காணும் வாய்ப்பு மிகுதி. தென்படாவிட்டால் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாகச் சில படகு நிறுவனங்கள் உறுதி கூறுவதும் இத்துணிவினால்தான். ஆனால் அந்த உறுதி, திமிங்கிலம் கண்ணில் படுவதற்கு மட்டுமே. முதுகின் வளைவும், மூச்சு விடும்போது எழும் நீராவித் தூணும், ஆழத்துக்குச் செல்லுமுன் உயரும் வாலும் பெரும்பாலும் கிடைக்கும் காட்சிகள். முழு உடலும் நீரைவிட்டு எழும் துள்ளல் நற்பேறு. பல திமிங்கிலங்கள் கூடி மீன்கூட்டத்தைச் சுற்றிக் குமிழ்களாலேயே வலை அமைத்து, வாயைத் திறந்தவாறு ஒன்றாக மேலெழும் வேட்டை அதனினும் அரியது. அதைக் கண்டவர்கள் மறப்பதில்லை.

ஜூனோவின் திமிங்கிலப் படகுகள் பெரும்பாலும் நகர்த்துறையிலிருந்து புறப்படுவதில்லை. பேருந்தில் ஏறத்தாழ அரைமணி நேரம் சென்று ஆக் விரிகுடாவில் படகேற வேண்டும். சுற்றுலா மூன்றரை மணி நேரம் என்று குறிப்பிட்டிருந்தால், அதில் நீரின்மீது இருக்கும் நேரம் எவ்வளவு என்று கேட்டறிய வேண்டும். பெரிய படகில் வெப்பமூட்டிய அறையும் கழிப்பறையும் இருக்கும், ஆட்டமும் குறைவு. சிறு படகில் கூட்டமில்லை. ஒவ்வொருவருக்கும் தடையின்றிக் காட்சி கிடைக்கும், கட்டணம் கூடும். அறுபதைக் கடந்தவர்களுக்குப் பெரிய படகே உகந்தது. அலாஸ்கா நீரில் கூன்முதுகுத் திமிங்கிலத்தை 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 90 மீட்டருக்குள், எந்தப் படகும் அணுகக் கூடாது என்பது அமெரிக்க அரசின் விதி. 'மிக அருகில் கொண்டு செல்வோம்' என்று ஒரு நிறுவனம் விளம்பரம் செய்தால், அதைத் தவிர்ப்பதற்கு அச்சொல்லே போதிய காரணம். நல்ல தொலைநோக்கி ஒன்றைக் கொண்டு செல்பவருக்கு இந்த இடைவெளி குறையாகத் தோன்றாது.

கரடியின் கணக்கு வேறு. கரடிகள் ஓடைக்கரையில் கூடுவது சால்மன் மீன்கள் கடலிலிருந்து ஓடைகளில் ஏறி வரும்போதுதான். ஜூலை நடுப்பகுதி முதல் செப்டம்பர் தொடக்கம் வரை அதற்குரிய காலம். மே மாதத்தில் கடற்கரைப் புல்மேட்டில் தொலைவில் ஒரு கரடி மேயக்கூடும். அதற்காக நீர்விமானத்தில் சென்று பெருந்தொகை செலவிடுவது நியாயமாகத் தோன்றவில்லை. மே, ஜூன் மாதப் பயணிகள் திமிங்கிலத்தையும், ஆகஸ்ட் பயணிகள் கரடியையும் முதன்மையாகக் கொள்ளலாம். ஆகஸ்டில் செல்வோர் கெச்சிகனுக்குத் தெற்கேயுள்ள ஹெர்ரிங் கோவ் ஓடையில் கருங்கரடிகளைத் தரைவழியாகவே சென்று காணும் சுற்றுலாக்களைப் பார்வையிடுக, விமானம் தேவையில்லை. ஜூனோவின் மெண்டென்ஹால் பனியாற்று வளாகத்திலுள்ள ஸ்டீப் ஓடைக்கும் சால்மன் காலத்தில் கருங்கரடிகள் வருவதுண்டு.

அப்பனியாறு நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. திமிங்கிலத்தையும் பனியாற்றையும் ஒரே சீட்டில் இணைத்து விற்பார்கள். இணைப்பு வசதியானதே, ஆயினும் பனியாற்றில் எவ்வளவு நேரம் விடுகிறார்கள் என்பதைப் பாருங்கள். அங்கிருந்து நக்கெட் அருவி வரை சென்று திரும்ப மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். முக்கால்மணி நேரமே கொடுத்தால், அருவியைத் தொலைவிலிருந்து பார்த்துத் திரும்புவதாகவே முடியும்.

பனியாற்றைக் காண்பதற்கென்று தனியாகப் பணம் செலவிடத் தேவையில்லாத பயணத்தடமும் உண்டு. கப்பல் கிளேசியர் விரிகுடாத் தேசியப் பூங்காவுக்குள் செல்வதாக இருந்தால், அன்று கரையிறங்குவதே இல்லை. பூங்காக் காவலர்கள் கப்பலுக்கே வந்து விளக்கமளிப்பார்கள். ஒரு நாளில் அதிகபட்சம் இரண்டு பெரிய கப்பல்களுக்கு மட்டுமே அனுமதி. 1794ஆம் ஆண்டு கேப்டன் வான்கூவரின் குழுவினர் அவ்வழி வந்தபோது, இன்று விரிகுடாவாக இருக்கும் பகுதி ஏறக்குறைய முழுவதும் பனியாகவே இருந்தது. 1916இல் அப்பனி 100 கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கிவிட்டது. அவ்வரலாற்றின் ஊடாகக் கப்பலே நம்மைச் சுமந்து செல்கிறது. ஆகவே கப்பலைத் தெரிவு செய்யும்போதே பயணத்தடத்தில் இப்பெயர் உள்ளதா என்று பார்ப்பது, பின்னர் ஒரு சுற்றுலாக் கட்டணத்தை மிச்சப்படுத்தும்.

ஸ்காக்வேயில் வொய்ட் பாஸ் ரயில் பணம் கொடுத்துக் காணத்தக்கது. கிளாண்டைக் தங்க வேட்டைக்காகப் புறப்பட்ட கூட்டத்துக்கென 1898இல் பணி தொடங்கி 1900இல் நிறைவுற்ற குறும்பாதை அது. 32 கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ 3,000 அடி உயரம் ஏறுகிறது. மூட்டுவலி உடையோரும் அமர்ந்தபடியே கண்டுவரலாம் என்பது இதன் தனிச்சிறப்பு. கணவாய் உச்சிவரை சென்று இறங்காமலே திரும்பும் பயணம் ஒன்று. எல்லை கடந்து கனடாவுக்குள் செல்லும் நீண்ட பயணங்கள் வேறு. இரண்டாவது வகைக்குக் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டுடையோருக்குக் கனடா விசாவும், அமெரிக்காவுக்குள் மீண்டும் நுழைய உரிய விசாவும் தேவை. சியாட்டிலில் புறப்பட்டுச் சியாட்டிலுக்கே திரும்பும் கப்பலும் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்பதைப் பலர் கவனிப்பதில்லை. வெளிநாட்டுக் கொடியுடைய கப்பல் இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும் என்று 1886ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒன்று கூறுவதே அதற்குக் காரணம். எனவே கனடா விசாவைப் பயணப் பதிவுக்கு முன்பே உறுதி செய்துகொள்க.

கெச்சிகனில் பணத்தை மிச்சப்படுத்தலாம். ஆண்டுக்கு 140 அங்குலத்துக்கும் மேல் மழை பெய்யும் ஊர் இது. நீர்விமானச் சுற்றுலாவுக்கு முன்பதிவு செய்தவர்கள் மேகமூட்டத்தால் ஏமாறுவது புதிதன்று. மரக்கால்கள்மீது நிற்கும் கிரீக் தெரு துறையிலிருந்து நடக்கும் தூரம். பூர்வகுடியினர் செதுக்கிய குலமரபுத் தூண்களை நகரிலுள்ள பாரம்பரிய மையத்திலும், சாக்ஸ்மன் சிற்றூரிலும் காணலாம். சிற்றூருக்கு நகரப் பேருந்து உண்டு. மழைச்சட்டை இருந்தால் போதும்.

இனி, கப்பல் நிறுவனத்தின்வழிப் பதிவு செய்வதா, வெளியாரிடம் நேரடியாகப் பதிவு செய்வதா என்பது. வெளியே கட்டணம் சற்றுக் குறைவாகவும் குழு சிறிதாகவும் இருக்கக்கூடும். ஆனால் கப்பலின் சொந்தச் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது பயணிகளை அடுத்த துறைமுகத்தில் சேர்க்கும் பொறுப்பை ஏற்கும். வெளியே சென்றவருக்காகக் கப்பல் காத்திருக்காது. மற்ற இடங்களில் வாடகைக் காரில் விரைந்து அடுத்த துறைமுகத்தைப் பிடிக்கலாம். ஜூனோவிலும் கெச்சிகனிலும் அது இயலாது. அவ்வூர்களிலிருந்து வெளியுலகுக்குச் சாலையே கிடையாது. விமானம் அல்லது படகு மட்டுமே. ஆகவே நகரை விட்டுத் தொலைவு செல்வதாயின் கப்பல்வழியும், துறையருகே சுற்றுவதாயின் வெளியிலும் பதிவு செய்வது நடைமுறைக்கு ஒத்தது. கப்பல் புறப்படும் நேரம் வேறு, அனைவரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் வேறு. பின்னது பொதுவாக அரைமணி நேரமாவது முந்தியது. அலாஸ்கா நேரம் சியாட்டில் நேரத்துக்கு ஒரு மணி பின்தங்கியது. கப்பலின் கடிகாரம் எதைப் பின்பற்றுகிறது என்று கப்பலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். கைப்பேசி தானாக மாற்றிக்காட்டும் நேரத்தை நம்பியிருக்கக் கூடாது.

பட்டியலில் ஒவ்வொரு சுற்றுலாவுக்கும் உடலுழைப்பு அளவு குறிக்கப்பட்டிருக்கும். 'மிதமானது' என்ற சொல் படிக்கட்டையும், ஆடும் படகில் ஏறி இறங்குவதையும் உள்ளடக்கக்கூடும் என்பதால் விளக்கக் குறிப்பை முழுவதும் படிக்க வேண்டும். சிறு விமானத்துக்கும் ஹெலிகாப்டருக்கும் உடல் எடையைக் கேட்பார்கள். அதில் கூச்சத்துக்கு இடமில்லை. உணவோடு கூடிய சுற்றுலா என்றால் பெரும்பாலும் நெருப்பில் சுட்ட சால்மன் என்று பொருள். சைவ உணவினர் பிஸ்கட், கொட்டைப் பருப்பு போன்றவற்றைப் பிரிக்காத உறையோடு கொண்டு செல்லலாம். கப்பலிலிருந்து பழங்களைக் கரைக்குக் கொண்டு செல்ல அனுமதியில்லை.

பணம் செலுத்துவதைப் பொறுத்தவரை, கப்பலில் எல்லாம் டாலர் கணக்கு. ஏறும்போது கொடுக்கும் அட்டையில் ஒரு தொகையை முன்கூட்டியே நிறுத்தி வைப்பார்கள். அது செலவு அன்று, எனினும் அட்டையின் வரம்பைக் குறைக்கும். ஆகவே இரண்டாவது அட்டை ஒன்று கைவசம் இருக்கட்டும். கடைகளில் 'ரூபாயில் செலுத்துகிறீர்களா, டாலரிலா?' என்று இயந்திரம் கேட்டால் டாலரையே தெரிவு செய்க. ரூபாயைத் தெரிவு செய்தால் மாற்று விகிதத்தை வணிகர் தரப்பே நிர்ணயிக்கும், அது பொதுவாக நமக்குச் சாதகமாக இராது. அட்டைக்குரிய அந்நியச் செலாவணிக் கூடுதல் கட்டணம் எத்தனை விழுக்காடு என்பதைப் புறப்படுமுன் கிளையில் கேட்டறியலாம். இந்தியாவிலுள்ள முகவரிடம் சுற்றுலாத் தொகுப்பாக வாங்கினால் மூலத்தில் வரி வசூலிக்கப்படும். அதை வருமான வரிக் கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம் என்பதால் ரசீதைப் பத்திரப்படுத்துக. பயணக் காப்பீட்டில் ஹெலிகாப்டர், நாய்வண்டிச் சவாரி போன்றவை சாகச விளையாட்டாகக் கருதப்பட்டு விலக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். வானிலை காரணமாக நடத்துவோரே சுற்றுலாவைக் கைவிட்டால் பணம் திரும்பக் கிடைக்கும். நாமே மனம் மாறினால், எத்தனை மணி நேரத்துக்கு முன் தெரிவிக்க வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பதிவு செய்யும் நாளிலேயே அந்தக் கெடுவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.