ஒளியைக் காத்து வைக்கும் படிகங்கள்

ஒற்றை ஃபோட்டான் சுமந்து வரும் குவாண்டம் நிலையைக் கெடாமல் வைத்திருந்து, வேண்டிய நேரத்தில் திருப்பித் தருவதே குவாண்டம் நினைவகத்தின் வேலை. கண்ணாடி இழையில் 100 கிலோமீட்டர் கடப்பதற்குள் நூறு ஃபோட்டான்களில் ஏறக்குறைய ஒன்றுதான் மிஞ்சுகிறது. சாதாரணத் தொலைத்தொடர்பில் நடுவழியில் பெருக்கிகளை வைத்து இதைச் சரிக்கட்டலாம். குவாண்டம் நிலையைப் படியெடுக்கவோ இயற்கை விதியே இடம் தருவதில்லை. ஆகவே தொலைவைத் துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். ஒரு துண்டு தயாராகும்வரை மற்றது காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்குத்தான் நினைவகம்.

இதற்குப் பெரிதும் பயன்படுவது இட்ரியம் ஆர்த்தோசிலிகேட் படிகம். அதை வளர்க்கும்போதே இட்ரியத்தில் சிறு பங்குக்குப் பதிலாக யூரோப்பியம், பிரசியோடைமியம், எர்பியம் போன்ற அருமண் தனிமங்களைச் சேர்க்கிறார்கள். பழைய வண்ணத் தொலைக்காட்சித் திரைகளில் சிவப்பைத் தந்ததும் இதே யூரோப்பியம்தான். திடப்பொருளுக்குள் சிக்கிய அணுவை அண்டை அணுக்கள் ஓயாமல் உலுக்கும். அருமண் அயனிக்கு அந்தத் தொல்லை குறைவு: ஒளியை ஏற்கும் அதன் 4எஃப் எலக்ட்ரான்களைச் சுற்றி 5எஸ், 5பி எலக்ட்ரான்கள் அரணாக நிற்கின்றன. மைனஸ் 270 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்தால் படிகத்தின் அதிர்வும் அடங்கி, அயனி கிட்டத்தட்டத் தன்னந்தனியாக இருப்பதுபோல் நடந்துகொள்கிறது.

படிகத்தில் அயனிகளின் சூழல் இடத்துக்கிடம் சற்றே மாறுவதால், அவை ஏற்கும் அதிர்வெண்களும் விலகுகின்றன. இந்தக் குறையையே ஜெனீவா பல்கலைக்கழகக் குழு வசதியாக மாற்றிக்கொண்டது அழகான யோசனை. லேசரால் சில அதிர்வெண்களில் உள்ள அயனிகளை ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றைச் சீப்பின் பற்கள்போல் சம இடைவெளியில் நிறுத்தினார்கள். ஒளியை விழுங்கிய அயனிகள் ஒரே தாளத்தில் துடிக்கத் தொடங்கி, விரைவில் தாளம் பிரிகின்றன. பற்களின் இடைவெளி சமம் என்பதால், குறித்த நேரத்தில் மறுபடி ஒன்றுகூடி, விழுங்கிய ஒளியை எதிரொலிபோல் வெளிவிடுகின்றன. 2008-இல் நியோடைமியம் சேர்த்த படிகத்தில், ஒற்றை ஃபோட்டான் அளவுக்கு மங்கிய ஒளியைக் கொண்டு இது நிகழ்த்தப்பட்டது.

இன்னும் நீண்ட நேரம் காக்க, அந்த நிலையை மற்றொரு லேசர் துடிப்பால் அணுக்கருவின் தற்சுழற்சிக்கு மாற்றுகிறார்கள். யூரோப்பியத்தில் அத்தகைய நிலை ஆறு மணி நேரம் நிலைக்கும் என்று ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் 2015-இல் காட்டியது. 2021-இல் சீனாவின் ஹெஃபெய் நகர ஆய்வாளர்கள் ஒளியையே ஒரு மணி நேரம் சேமித்து மீட்டார்கள். அந்த நேரத்தில் இழைக்குள் ஒளி சுமார் 72 கோடி கிலோமீட்டர் ஓடியிருக்கும். ஆனால் அவர்கள் சேமித்தது வலுவான துடிப்பு. ஒற்றை ஃபோட்டானை அவ்வளவு நேரம் காப்பது மிகக் கடினம்.

அலைநீளமும் ஒரு சிக்கல். யூரோப்பியம் ஏற்கும் 580 நானோமீட்டர் மஞ்சள் ஒளி இழையில் வெகுதூரம் போகாது. இழைக்கு உகந்த 1.5 மைக்ரோமீட்டர் ஒளியை எர்பியம் ஏற்கும். ஆனால் அதன் எலக்ட்ரான்களின் காந்தத்தன்மை நினைவைக் குலைக்கிறது. 7 டெஸ்லா காந்தப்புலத்தில் அதைக் கட்டிப்போட்டு, அணுக்கரு நிலையை 1.3 வினாடி நிலைக்கவைத்ததாக ஆஸ்திரேலியக் குழு 2018-இல் அறிவித்தது.