கட்டைவிரல் சோதனை

சித்தூர்ப் பக்கம் மாந்தோப்பு என்றால் பெரும்பாலும் தோத்தாபுரிதான், நம்மூர்க் கிளிமூக்கு. காயில் பெரும்பங்கு கூழ் ஆலைக்குப் போகும். தை, மாசியில் பூவெடுத்த தோப்பில் சில மரங்கள் விறகடுப்புக்கு மேலிருக்கும் ஓடு மாதிரி கருத்து நிற்கும். மரம் பட்டுப்போகிறதோ என்று பதற வேண்டாம். ஓர் இலையைப் பறித்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். கரி விரலுக்கு வந்து, அடியில் இலை பச்சையாகவே இருந்தால் அது கரும்பூசணம்.

இந்தப் பூசணம் இலையைத் தின்பதில்லை. தத்துப்பூச்சி பூங்கொத்தில் சாறு உறிஞ்சுகிறது. சாற்றில் சர்க்கரை மிகுதி, புரதம் சொற்பம். புரதத்துக்காக வயிறு முட்டக் குடித்துவிட்டு, மிஞ்சிய சர்க்கரையைச் சொட்டுச் சொட்டாகக் கழித்துவிடும். இலையில் பிசுபிசுக்கும் அந்தத் துளிதான் பூசணத்துக்குச் சோறு. தெலுங்கில் இந்தப் பூச்சிக்குப் பெயரே 'தேனெமஞ்சு புருகு', தேன்பனிப் பூச்சி! காரணத்தைப் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். ஆனாலும் கருப்பைப் பார்த்ததும் பூசணக்கொல்லி வாங்க ஓடுகிறவர்கள் உண்டு. பூச்சி இருக்கும்வரை அது வீண்செலவு. உள்கிளைகளைக் கவாத்து செய்து வெளிச்சம் விட்டு, பூச்சியை முதலில் அடக்க வேண்டும். படிந்த கரிக்கு மைதாக் கஞ்சி போதும்: 1 கிலோ மாவை 5 லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, ஆறவைத்து, 20 லிட்டராக்கித் தெளித்தால், வெயிலில் காய்ந்து கரியோடு ஏடாக உரிந்து விழும்.

பூங்கொத்தில் வெள்ளையாகத் திருநீறு பூசியது போலிருந்தால் சாம்பல் நோய். இதுவும் விரலில் ஒட்டும். ஆனால் துடைத்த இடத்தில் பூ பழுப்பேறியிருக்கும். இது உயிரணுவுக்குள் உறிஞ்சுகுழல் இறக்கும் பூசணம். குளிர்ந்த இரவும் மழையில்லாப் பகலும் இதற்குத் தோது. பிஞ்சு பிடிக்கும் முன்பே பூ கொட்டிவிடும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். உச்சிவெயிலில் அடித்தால் பூ கருகும்.

எவ்வளவு தேய்த்தாலும் போகாத பழுப்புப் புள்ளி ஆந்த்ராக்னோஸ். மழையும் ஈரமும் இதன் காலம். பிஞ்சிலேயே தோலுக்குள் புகுந்து அடங்கிக் கிடக்கும். பச்சைக்காய்த் தோலில் அதை அடக்கிவைக்கும் பொருட்கள் உண்டு. பழுக்கப் பழுக்க அவை குறைய, கரும்புள்ளி விரியும். வாங்கும்போது பளிச்சென்றிருந்த மாம்பழம் மூன்றாம் நாள் புள்ளி விழுந்தால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவர் கண்ணுக்கும் அது தெரிந்திருக்காது.