வரிசையின் இன்பம்

மலர்கள் ஒன்றேயாயினும், தொடுப்போர் கைத்திறத்தால் மாலைகள் வேறுபடும். இசைக்கும் இஃது ஒக்கும் என்பதை ஜெர்மன் நாட்டு மின்னணு நடன இசைத்தொகுப்பு ஒன்றினால் யாம் உணர்ந்தோம்.

ஆவடியினின்று சென்னை சென்ட்ரலுக்குச் செல்லும் மின்சார ரயிலில் அதனை முதன்முதற் கேட்டபோது, அம்பத்தூர் வருமுன்னரே சலிப்புற்றோம். சொல்லில்லை, தாளமோ மாறவில்லை. 'கூறியது கூறல்' என்னும் குற்றமே இதுவெனக் கருதி, இடையிடையே தாவிக் கேட்டோம், ஒன்றும் விளங்கவில்லை. பிறிதொரு நாள் தாவாது முழுவதும் கேட்டபோதுதான், குற்றம் இசையினதன்று, எமது பொறுமையின்மையினதே எனத் தெளிந்தோம்.

இதன் இயல்பு யாது? நிமிடத்திற்குப் பெரும்பாலும் 120 முதல் 140 வரை அடிகள், நான்கு நான்காக ஒலிக்கும். டிஜே எனப்படுவோர் ஓர் இசைத்தட்டு முடியுமுன்னரே அடுத்ததன் வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ முன்னதனோடு ஒக்கச் செய்வர். பின்பு முன்னதன் கனத்த கீழொலியைத் தணித்து, அடுத்ததன் கீழொலியை ஏற்றுவர். கேட்போர் அறியுமுன்னரே பாட்டு மாறிவிடும். எதனை முன்வைப்பது, எதனை உச்சத்திற்குக் காத்துவைப்பது, எங்கே தாளத்தை நிறுத்தி ஏங்கவைப்பது என்பனவே அவர்தம் கலை. அடி மாறாதிருத்தலாலேயே சிறு மாறுதலும் செவிக்குப் பெரிதாகின்றது.

இதன் வேர்களுள் ஒன்று ஜெர்மனியில் உளது. கிராஃப்ட்வெர்க் குழுவினர் 1977இல் ரயிலின் ஓட்டத்தையே இசையாக்கினர். பெர்லின் கலைஞர் மானுவேல் கோட்ஷிங் 1981இல் பதிவுசெய்து 1984இல் வெளிவந்த 'ஈ2-ஈ4' ஏறத்தாழ ஒரு மணி நேரம் இடையறாது ஓடுவது. பெர்லின் டெக்னோ இசைப் பண்பாடு 2024இல் அந்நாட்டு மரபுச் செல்வங்களின் பட்டியலில் இடம் பெற்றது.

வரிசையின் அருமை நமக்கும் புதிதன்று. அரியக்குடி இராமாநுஜ ஐயங்கார் (1890–1967) செம்மைப்படுத்திய கச்சேரி முறையை நோக்குக. வர்ணத்திற் சூடேறி, சிறு கிருதிகளால் அவையை ஈர்த்து, விரிவான இராகத்திற்கும் தனியாவர்த்தனத்திற்கும் உயர்ந்து, எளிய துக்கடாக்களால் இறங்கி, மங்களத்தில் அமைவதன்றோ அது? தமிழிசை அரங்கும் பெர்லின் நடனக்கூடமும் நெடுந்தொலைவினவெனினும், ஏற்றியிறக்கும் நெறி ஒன்றே.

விரலசைவில் பாட்டை மாற்றும் வசதி இக்காலத்தில் யாவர்க்கும் உண்டு. அதனால் இழப்பது, ஒன்றன்பின் ஒன்றாய் எழும் இன்பத்தை. ஆதலின் மாணவ நண்பர்காள், ஒருமுறையேனும் தொடக்கம் முதல் முடிவுவரை கேண்மின்! இசைக்கு மட்டுமன்று, கற்கும் நூலுக்கும் இது பொருந்தும்.